பத்தொன்பது எண்ணும் வரை பச்சை

வலுவூட்டல் மையத்தின் பெயர்ப்பலகையை இதுவரை நான்கு முறை எழுதியாயிற்று. முதலில் அதில் 'குறைபாடுடையோர்' என்று இருந்தது. அந்தச் சொல் மனத்தைப் புண்படுத்துகிறது என்று ஒரு குழு கூடி முடிவு செய்ததால் 'சவாலுடையோர்' என்று மாறியது. சவால் என்றால் யாரோ யாரையோ சண்டைக்கு இழுப்பது போல இருக்கிறது என்று இன்னொரு குழு சொன்னது. அது 'தனித்திறனாளர்' ஆயிற்று. இப்போது 'குரலாளர்'. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறவர்கள், ஒரு விஷயம் மனதில் ஏறக் கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்கிறவர்கள், இவர்கள் எல்லோரும் மையத்தின் ஏட்டில் குரலாளர்கள். அந்தக் குரலை யாராவது காது கொடுத்துக் கேட்டார்களா என்று மட்டும் கேட்கக் கூடாது. பலகைக்கு வர்ணம் அடிக்கிறவருக்கு வருஷம் தவறாமல் வேலை கிடைத்தது. ஆக, மையம் ஒருவரையாவது வலுவூட்டியிருக்கிறது.

அந்த மையத்தின் படியில் கணக்கம்மா ஏறியது ஒரே ஒரு வாக்கியம் சொல்வதற்காக.

கணக்கம்மா என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. மையத்துக்கு அடுத்த கட்டடம் சலவை ஆலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்புவது அங்கே வேலை. பதினான்கு வருஷமாக அவள் மடிக்கும் மேசையில் நிற்கிறாள். எழுத்துகள் அவளுக்குப் பிடிகொடுப்பதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடம் மாறி உட்காரும். எண்கள் அப்படியில்லை. கூப்பிட்ட குரலுக்கு வரிசையில் வந்து நிற்கும். தலையணை உறை, படிக்கட்டு, பேருந்தில் ஏறியவர்கள், மேற்பார்வை அக்கா ஒரு நாளில் விடும் பெருமூச்சு என்று எதையும் அவள் எண்ணாமல் விட்டதில்லை. அதனால் ஆலையில் எல்லோருக்கும் அவள் கணக்கம்மா.

பெரிய விரிப்பை ஒருத்தரால் மடிக்க முடியாது. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி நின்று, இருவரும் ஒரே நேரத்தில் கைகளைச் சேர்த்து, நடந்து வந்து முனைகளைக் கொடுக்க வேண்டும். கணக்கம்மாவின் எதிர்முனையில் நிற்கிறவளுக்கு நிதானம் என்று பெயர் விழுந்திருந்தது. பிறவியிலேயே வலது கால் சற்று வலுக்குறைவு. பேச்சும் யோசித்துத்தான் வரும். ஆனால் அவள் பிடித்த முனை ஒரு நாளும் தரையைத் தொட்டதில்லை.

இருவரும் வந்து இறங்கும் பேருந்து நிறுத்தம் ஆலைக்கு எதிர்ப்பக்கம். நடுவே ஆறு வண்டிகள் ஒன்றையொன்று உரசாமல் போகிற அகலத்துக்கு ஒரு சாலை. நடக்கிறவர்களுக்கென்று அங்கே பச்சை விளக்கு எரியும். கணக்கம்மா எண்ணிப் பார்த்தாள். பதினொன்று எண்ணுவதற்குள் அது அணைந்துவிட்டது. அடுத்த நாளும் பதினொன்று. பதினேழு நாள் எண்ணினாள். ஒரு நாள்கூட அது பன்னிரண்டு என்று பெருந்தன்மை காட்டவில்லை. நிதானம் சாலையைக் கடக்கப் பத்தொன்பது ஆகும். மீதி எட்டும் அவள் நடுரோட்டில், பொறுமையில்லாத பேருந்துகளின் மூக்குக்கு முன்னால்.

"என்ன விஷயமா வந்திருக்கீங்க?" என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள்.

"ஆலைக்கு முன்னாடி ரோட்ல பச்சை பதினொண்ணுதான் எரியுது. நிதானத்துக்குப் பத்தொன்பது வேணும். அந்த விளக்கு யார் கையில இருக்கோ, அவங்ககிட்ட சொல்லணும்."

"இதை நீங்களே சொல்றீங்களா, இல்ல உங்க சார்புல யாராவது சொல்றாங்களா?"

"நான்தானே சொல்றேன்."

"தற்குரல் சான்றிதழ் இருக்கா?"

"அப்படீன்னா?"

"உங்க விஷயத்தை நீங்களே பேசலாம்னு நாங்க குடுக்கிற சான்றிதழ்."

"இப்பதான் பேசிட்டேனே."

"பேசினீங்க. ஆனா சான்றிதழ் இல்லாம பேசிட்டீங்க" என்று அந்தப் பெண் வருத்தத்தோடு சொன்னாள். "பரவாயில்ல, முதல் தடவைங்கிறதால நான் கேக்கலன்னு வச்சுக்கிறேன்."

பன்னிரண்டு வாரப் பயிற்சியில் சேர வேண்டும் என்றார்கள். விண்ணப்பம் நாற்பத்திரண்டு பக்கம். குரலாளர்களுக்காகவே எளிமையாக்கப்பட்டது, எளிமைக்கு இடம் நிறைய வேண்டியிருக்கிறது என்று விளக்கம் சொன்னார்கள். பக்கத்துக்குப் பக்கம் சிரிக்கும் சூரியன் ஒன்று இருந்தது. கடைசிப் பக்கத்தில், 'இவர் தமக்காகத் தாமே பேசக்கூடியவர் என்று உறுதியளிக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே வீட்டில் வேறொருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டில் இருந்தது தம்பி. கணக்கம்மாவைவிட எட்டு வயது சின்னவன். அவன் மூக்கைத் துடைத்து, கால்சட்டைக்குப் பித்தான் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான்.

"நீ பேசலாம்னு நான் எழுதிக் குடுக்கணுமாம்க்கா" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஞாயித்துக்கிழமை நீ பேச ஆரம்பிச்சா நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுக்க ஏதாவது ஃபாரம் இருக்கா கேளு."

நிதானமும் சேர்ந்தாள். அவள் அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் மேற்பார்வை அக்கா விடுப்புக் கொடுத்தாள். "வாயைத் திறந்து பேசுறதுக்குப் பன்னெண்டு வாரமா?" என்று மட்டும் கேட்டாள்.

பயிற்சி நடத்தியவர் தன்னை யாரும் மேடம் என்று கூப்பிடக் கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "தோழின்னு கூப்பிடுங்க. இங்க எல்லாரும் சமம்." தவறிப்போய் மேடம் என்றவர்களைச் சமத்துவம் புரியும்வரை நிற்க வைத்தார். தோழிக்குச் சுழலும் நாற்காலி. மற்றவர்களுக்குத் தரையில் பாய். தரையோடு தொடர்பு இருந்தால் தன்னம்பிக்கை வளரும் என்பது அவர் படித்த ஆராய்ச்சி. அவருக்கு அது ஏற்கெனவே போதுமான அளவு வளர்ந்திருந்தது.

முதல் வாரம் எல்லோரும் 'என் குரல் என் வலிமை' என்று மூன்று முறை சொன்னார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து மனதில் இருப்பதைப் பேசலாம் என்றார் தோழி. கணக்கம்மா எழுந்தாள்.

"ஆலைக்கு முன்னாடி பச்சை பதினொண்ணுதான் எரியுது. நிதானத்துக்குப் பத்தொன்பது வேணும்."

தோழியின் கண்கள் கலங்கிவிட்டன. "பாருங்க, எவ்வளவு தைரியம். குரல்ல ஒரு நடுக்கம் இருக்கா? கை தட்டுங்க." எல்லோரும் தட்டினார்கள். மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தரிடம் கணக்கம்மா போய் நின்றாள்.

"நான் சொன்னதை எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேனே. 'பங்கேற்பாளர் தெளிவாகப் பேசினார்.'"

"என்ன பேசினேன்னு எழுதலையா?"

எழுத்தர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேதி, வருகை, குரல் அளவு, முகபாவம், கைதட்டல் என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. "அதுக்குக் கட்டம் இல்லையேம்மா" என்றார். கெட்ட மனிதர் இல்லை. கட்டத்துக்கு வெளியே எழுதிப் பழக்கமில்லாதவர், அவ்வளவுதான்.

அடுத்த வியாழனும் அவள் அதையே சொன்னாள். அதற்கடுத்த வியாழனும் சொன்னாள். கைதட்டல் கட்டத்தில் மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. சாலையில் பச்சை பதினொன்றிலேயே நின்றது.

நான்காவது வாரம் தற்காப்புப் பாடம். யாராவது நமக்குப் பிடிக்காமல் நம்மைத் தொட்டால் மூன்று படி என்று தோழி சொல்லிக்கொடுத்தார். ஒன்று, உள்ளங்கையைக் காட்டி நிறுத்து. இரண்டு, 'வேண்டாம்' என்று உரக்கச் சொல்லிப் பின்னால் போ. மூன்று, நம்பிக்கையான ஒருவரிடம் நடந்ததைச் சொல். "தொடுறவங்க எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி. பயப்படக் கூடாது. யாரா இருந்தாலும்?" என்று தோழி கேட்க, "யாரா இருந்தாலும்" என்று எல்லோரும் சொன்னார்கள். கணக்கம்மா வீட்டில் தம்பியை வைத்து நாற்பது முறை பழகினாள். நாற்பத்தோராவது முறை தம்பி கும்பிட்டு ஓடிவிட்டான்.

ஏழாவது வாரம் கூடத்திலேயே ஒரு சாலை போட்டார்கள். தரையில் கறுப்பு விரிப்பு, அதன் மேல் வெள்ளைக் கோடுகள். அட்டையில் செய்த பேருந்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு காவலாளி நடந்து வந்தார். விளக்குக்கு உண்டான பொத்தான் தோழியின் கையில் இருந்தது. நிதானம் இறங்கி நடந்தாள். பேருந்து நின்று, "மெதுவா போங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றது. பத்தொன்பது எண்ணி நிதானம் அந்தப் பக்கம் சேரும்வரை பச்சை அசையவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பேருந்து தன்னிடம் மரியாதையாகப் பேசியதில் நிதானத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இந்த விளக்கைக் கொண்டுபோய் ரோட்ல வச்சிடலாமா தோழி?" என்று கணக்கம்மா கேட்டாள்.

"இது பாதுகாப்பான சூழல்மா. அதனால இது உள்ளதான் இருக்கணும்."

ஒன்பதாவது வாரம் நிஜப் பேருந்து ஒன்று, அட்டையில் செய்யப்படாதது, நடுரோட்டில் நிதானத்தை உரசிக்கொண்டு போனது. பக்கக் கண்ணாடி அவள் தோள்பையில் மாட்டி, பையைப் பிய்த்துக்கொண்டு போய் இருபதடி தள்ளிப் போட்டது. பின்னால் வந்த லாரி அதன் மேல் ஏறியது. சாப்பாட்டு டப்பா காகிதம் போலத் தட்டையாகிவிட்டது. நிதானத்துக்கு அடி ஒன்றுமில்லை. ஆனால் அன்று மேசையில் அவள் பிடித்த முனை முதல் தடவையாகத் தரையைத் தொட்டது.

நிதானத்தின் அம்மா ஆலைக்கே வந்துவிட்டாள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்டோட கிடக்கட்டும். எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு." அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டோடு என்றால் என்னவென்று நிதானத்துக்குத் தெரியும். இருபத்தைந்து வயது வரை அவள் ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தவள்தான்.

அந்த வியாழக்கிழமை தோழி எல்லோருக்கும் வண்ணப் பென்சில் கொடுத்து, நடந்த சம்பவம் பற்றி மனதில் தோன்றுவதை வரையச் சொன்னார். கணக்கம்மா பதினொன்று என்று போட்டு, அதை அடித்துவிட்டுப் பத்தொன்பது என்று போட்டாள். "அருமையான நவீன ஓவியம்" என்று சொல்லி அதைச் சட்டம் போட்டு நடைக்கூடத்தில் மாட்டினார்கள்.

பன்னிரண்டாவது வாரம் ஆண்டு விழா. மையத்தின் தலைமை இயக்குநர் தம் கையாலேயே சான்றிதழ் கொடுப்பார், குரலாளர்கள் சார்பில் கணக்கம்மா பேசுவாள் என்று முடிவாயிற்று. பேச்சைத் தோழியே எழுதியிருந்தார். அதை மனப்பாடம் செய்ய ஒரு வாரம் கொடுத்தார்.

"'இப்போது நான் பாதுகாப்பாக உணர்கிறேன்.' சொல்லு."

"நான் பாதுகாப்பா இல்லையே தோழி."

"பாதுகாப்பா இருக்கேன்னா சொல்லச் சொன்னேன்? உணர்கிறேன்னுதானே எழுதியிருக்கு. உணர்றதுக்கு ரோடு எதுக்கு?"

"என் குரல்லதானே பேசணும்னு சொன்னீங்க?"

"ஆமா, உன் குரல்லதான் பேசப் போற. வார்த்தை மட்டும் என்னோடது."

விழா 'பாதுகாப்பு நடை'யோடு தொடங்கியது. பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் காரை நிறுத்திவிட்டு, தலைமை இயக்குநர் குரலாளர்களை அழைத்துக்கொண்டு அதே சாலையைக் கடந்து மையத்துக்கு வருவது என்று ஏற்பாடு. நான்கு போலீஸ்காரர்கள் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். முன்னால் பதாகை, பின்னால் பேண்டு வாத்தியம், நடுவில் மூன்று இடத்தில் நின்று புகைப்படம். விளக்கு தன் போக்கில் பச்சையும் சிவப்புமாக மாறிக்கொண்டிருந்தது. அதை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. ஐந்நூற்று அறுபதாவது எண்ணில் தலைமை இயக்குநரின் கால் எதிர்நடைபாதையைத் தொட்டது.

மேடையில் அவர் ஐம்பது நிமிஷம் பேசினார்.

"இந்தச் சாலை ஆபத்தானது என்று சிலர் என் காதுபடச் சொன்னார்கள். நான் அறைக்குள் உட்கார்ந்து முடிவெடுக்கிறவன் அல்ல. நானே கடந்து பார்த்தேன். ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டியாவது என்னை நெருங்கியதா? பயம் சாலையில் இல்லை, நண்பர்களே, மனதில் இருக்கிறது." கைதட்டல். "பதினாறு வருஷங்களாகக் குரலற்றவர்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள், ஒரு பொழுதாவது அவர்களைப் பேசவிட்டுச் சிரமப்படுத்தியிருப்பேனா?" யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அவர் உண்மையே பேசினார்.

பிறகு கணக்கம்மாவைக் கூப்பிட்டார்கள். முப்பத்தாறு வயதுக்காரி, இஸ்திரி போட்ட சட்டையும் காதோரம் வழித்து வாரிய தலையுமாக மேடையேறினாள். தலைமை இயக்குநர் ஒரு கையால் சான்றிதழை நீட்டினார். புகைப்படக்காரர் "சார், கொஞ்சம் பாசமா" என்றதும், இன்னொரு கையால் அவள் கன்னத்தைக் கிள்ளி, "சமத்துக் குட்டி" என்றார்.

கணக்கம்மா உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். "வேண்டாம்" என்றாள். பன்னிரண்டு வாரப் பயிற்சியில் குரல் நன்றாகத்தான் தேறியிருந்தது. பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். ஓரடி பின்னால் போனாள். மூன்றாவது படிக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும். மேடையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாரும் தேறவில்லை. ஒலிபெருக்கியில் வாய் வைத்து, "நிதானம், இந்த சார் என்னைக் கேக்காம கன்னத்தைக் கிள்ளிட்டார்" என்றாள்.

"சரி, கேட்டுக்கிட்டேன்" என்றாள் நிதானம், மூன்றாவது வரிசையிலிருந்து, எழுந்து நின்று.

ஒலிபெருக்கி கையில் இருக்கும்போதே சொல்லிவிடலாம் என்று கணக்கம்மாவுக்குத் தோன்றியது. "ஆலைக்கு முன்னாடி பச்சை பதினொண்ணுதான்" என்பது வரை கேட்டது. அதற்குமேல் யாரோ இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள்.

தோழி ஓடி வந்து அவளை ஓரமாக இழுத்துப் போனார். "அந்த மூணு படியெல்லாம் வெளியாள்களுக்கும்மா. நம்ம ஆள்களுக்கு இல்ல."

"யாரா இருந்தாலும்னு நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன். அது பாடம்" என்றார் தோழி.

சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எழுத்தர் 'முகபாவம்: மேம்பாடு தேவை' என்று எழுதினார். அதற்குக் கட்டம் இருந்தது.

விழா முடிந்து விருந்தும் முடிந்து தலைமை இயக்குநர் புறப்பட்டபோது மாலை ஆகிவிட்டது. போலீஸ்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள். பேண்டு வாத்தியமும் இல்லை. கார் எதிர்ப்பக்கம். ஓட்டுநரைக் கூப்பிடலாம் என்றால், தலைமை இயக்குநரே தொலைபேசியில் வேறு யாரிடமோ விழாவின் வெற்றியை விவரித்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் பூங்கொத்து, கக்கத்தில் கேடயம், காதில் போன். பச்சை எரிந்ததும் பெரிய மனிதர் நடக்க வேண்டிய தோரணையில் இறங்கி நடந்தார்.

ஆலை வாசலில் வேலை முடிந்து நிதானத்தோடு நின்றுகொண்டிருந்த கணக்கம்மா பழக்கதோஷத்தில் எண்ணினாள். ஒன்பதில் அவர் நடுவை நெருங்கிக்கொண்டிருந்தார். பத்து. பதினொன்று.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். முன்னால் ஒரு பேருந்து போனது, பின்னால் இரண்டு லாரி. பூங்கொத்து முதலில் விழுந்தது. அப்புறம் கேடயம். "நிறுத்துங்கய்யா, நான் தலைமை இயக்குநர்" என்று அவர் கத்தியது எந்த ஓட்டுநரின் காதிலும் விழவில்லை. அவருக்கும் சான்றிதழ் இல்லை போலும். அடுத்த பச்சையில் கால் எழும்பவில்லை. அதற்கடுத்த பச்சையிலும் எழும்பவில்லை. நடுக்கோட்டின் மேல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

கணக்கம்மாவும் நிதானமும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். விட்டுவிட்டுப் போயிருக்கலாம். என்னைக் கேட்டால் அதுதான் நியாயம் என்பேன். ஆனால் அவர்கள் மையத்தில் வேலை பார்க்கிறவர்கள் இல்லையே. மூன்றாவது பச்சையில் இறங்கினார்கள். கணக்கம்மா அவர் சட்டைக் கையைப் பிடிப்பதற்கு முன்னால், "சார், கையைப் பிடிக்கட்டுமா?" என்று கேட்டாள். "பிடிம்மா, பிடிம்மா" என்றார். நிதானம் வண்டிகளைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினாள். அவள் நடைக்குத்தான் மூவரும் நடந்தார்கள்.

எட்டாம் நாள் உத்தரவு வந்துவிட்டது. 'உயர் அலுவலர்கள் மற்றும் இதர மக்களின் நலன் கருதி' விளக்குக் கம்பங்களில் ஒரு பொத்தான் வைக்கப்படும். அதை அழுத்தினால் பச்சை இருபத்தைந்து எண்ணும் வரை எரியும். கேள்விப்பட்ட அன்று நிதானம் ஆலையில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். உத்தரவின் இரண்டாம் பக்கத்தைப் பிறகுதான் படித்துச் சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் அழுத்திவிடக் கூடாது என்பதால் பொத்தான் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். சாவி மையத்தின் அலுவலகத்தில் காலை பத்தரை முதல் மாலை நாலரை வரை கிடைக்கும். தற்குரல் சான்றிதழைக் காட்டி, ஏட்டில் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

ஆலையில் வேலை காலை எட்டு மணிக்கு. அதோடு, பேருந்தில் வந்து இறங்குகிறவர்கள் சாலையைக் கடக்கச் சாவி வேண்டும். சாவியை வாங்கச் சாலையைக் கடக்க வேண்டும். இதை எடுத்துச் சொன்ன மேற்பார்வை அக்காவிடம், "யோசனையைப் பெட்டியில் போடுங்கள்" என்றார்கள். அந்தப் பெட்டியும் பூட்டியிருந்தது.

பெட்டியை மாட்ட வந்தவர் நடுத்தர வயது மின்பணியாளர். ஏணியும் காதில் செருகிய திருப்புளியுமாக ஒரு காலையில் கம்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். பேருந்திலிருந்து இறங்கிய இருவரும் நின்று பார்த்தார்கள். வேலையை முடித்துவிட்டு அவர் வேலைச் சீட்டை எடுத்து முணுமுணுத்துப் படித்தார்.

"சாவி ரெண்டு. ஒண்ணு அலுவலகத்துக்கு. ஒண்ணு உபயோகிப்பாளருக்கு." நிமிர்ந்து பார்த்தார். "இங்க யாருங்க உபயோகிக்கிறது?"

நிதானம் வழக்கம்போல யோசித்தாள். "நாங்கதான்" என்றாள்.

"அப்ப இந்தாங்க. இங்க ஒரு கையெழுத்து."

கணக்கம்மா பேனாவை வாங்கி 19 என்று எழுதினாள். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சீட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து சாவி ஒரு சிவப்பு நாடாவில் நிதானத்தின் கழுத்தில் தொங்கியது. தினமும் காலையிலும் மாலையிலும் பெட்டியைத் திறந்து, பொத்தானை அழுத்தி, பெட்டியைப் பூட்டி, கடந்தார்கள். கூடவே பள்ளிக்கூடப் பிள்ளைகளும், ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவர்களும், வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் கடந்தார்கள். நிதானத்தின் அம்மா ஒரு நாள் வந்து மறைவில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். மறுநாள் புதுச் சாப்பாட்டு டப்பா வாங்கிக் கொடுத்தாள்.

ஆறு மாதம் கழித்து மையத்தில் மீளாய்வுக் கூட்டம் நடந்தது. எழுத்தர் ஏட்டைக் கொண்டுவந்து வைத்தார். அலுவலகச் சாவியை இதுவரை பெற்றுச் சென்றவர்கள்: யாருமில்லை. தலைமை இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நான் அப்போதே சொன்னேன். தேவையே இல்லாத இடத்தில் தேவையை உண்டாக்கினார்கள். பயம் மனதில்தான் இருந்தது. நம்முடைய பயிற்சியால் அதுவும் போய்விட்டது." பெட்டிகளை அகற்றுவது என்றும், சாதனையைக் கொண்டாட ஒரு விழா நடத்துவது என்றும் தீர்மானம் ஆயிற்று. விழாவில் பெயர்ப்பலகையையும் மாற்றிவிடலாம் என்று ஒருவர் சொல்ல, உடனே அதற்கு ஒரு குழு அமைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை அதே மின்பணியாளர் ஏணியோடு வந்தார். திருப்புளியைக் காதிலிருந்து எடுத்தபோது அவர் முகத்துக்கு நேரே ஓர் உள்ளங்கை நீண்டது.

"வேண்டாம்" என்றாள் கணக்கம்மா. பக்கத்தில் நிதானமும் கையை நீட்டினாள். அவள் கொஞ்சம் தாமதமாக நீட்டினாள், ஆனால் எடுக்கவில்லை.

அவர் ஏணியின் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்கு என்னங்க, கழட்டச் சொன்னா கழட்டணும். இல்லன்னா இல்ல." சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். கடைசியில் ஓரிடத்தில் விரல் நின்றது. "'வேலை நடக்காததற்குக் காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பாம போனா திட்டுவாங்க. என்ன எழுதட்டும்?"

பன்னிரண்டு வாரம், ஓர் ஆண்டு விழா, அதற்குமேல் ஆறு மாதம். இத்தனை நாளில் இந்தக் கேள்வியை யாரும் கணக்கம்மாவிடம் கேட்டதில்லை.

"பொத்தான் இல்லாட்டி பச்சை பதினொண்ணுதான் எரியுது" என்றாள். "இவளுக்குப் பத்தொன்பது வேணும். அதனால கழட்ட வேண்டாம்."

அவர் முழங்காலில் சீட்டை வைத்துக்கொண்டு எழுதினார். நீளமான காரணம்தான், கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினார்.

"படிச்சுக் காட்டுங்க."

"பொத்தான் இல்லாட்டி பச்சை பதினொண்ணுதான் எரியுது. இவளுக்குப் பத்தொன்பது வேணும். அதனால கழட்ட வேண்டாம்."

"இன்னொரு தடவை."

சலித்துக்கொள்ளாமல் இன்னொரு தடவையும் படித்தார். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கீழே அவள் 19 என்று எழுதினாள். அவர் சீட்டைக் கசங்கலாக மடித்துப் பையில் செருகப் போனார். கணக்கம்மா அதை வாங்கி, ஒரு முனையை நிதானத்திடம் கொடுத்தாள். இருவருமாக ஓரம் பார்த்து நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

நிதானம் பெட்டியைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். அன்று அவள் அவசரப்படாமல் நடந்தாள். இருபத்திரண்டு ஆயிற்று. மூன்று மிச்சம் இருந்தது.